லினக்ஸில் விளையாட்டு: வழங்கல் தேர்வின் வரலாறு

வீட்டுக் கணினியில் லினக்ஸை நிறுவி அதில் விளையாட விரும்புகிறவர் முதலில் சந்திக்கும் கேள்வி, எந்த வழங்கலை எடுப்பது என்பதுதான். லினக்ஸ் என்பது உண்மையில் ஒரு கர்னலின் பெயர். அந்தக் கர்னலோடு நிரல் நூலகங்கள், கிராபிக்ஸ் டிரைவர்கள், திரைமுகப்பு, மென்பொருள் நிறுவும் கருவி முதலியவற்றைச் சேர்த்து முழு இயங்குதளமாகக் கட்டித் தருவதையே வழங்கல் என்கிறோம். பேச்சில் டிஸ்ட்ரோ என்பார்கள். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஆர்ச், மின்ட் ஆகியவை இவ்வகையின. ஒவ்வொரு வழங்கலும் இந்தப் பகுதிகளின் வெவ்வேறு பதிப்புகளைத் தன் விருப்பப்படி சேர்க்கிறது. கடிதம் எழுதுவோருக்கும் இணையத்தில் உலாவுவோருக்கும் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. விளையாடுவோருக்கு உடனே தெரிந்துவிடும்.

இக்கேள்விக்கான விடை முப்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. வழங்கல்கள் வளர்ந்ததைவிட, விளையாட்டு எதன்மேல் நின்று ஓடுகிறது என்பது மாறிவந்ததே இதற்கு முதன்மைக் காரணம். அந்த மாற்றத்தை அறியாமல் இன்றைய பட்டியல்களை மட்டும் பார்த்தால் எல்லா வழங்கல்களும் ஒன்றுபோலவே தோன்றும்.

டூமும் லோகியும்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் விளையாட்டை 1993 டிசம்பரில் டாஸ் கணினிகளுக்கு வெளியிட்டது. அங்கே பணியாற்றிய டேவ் டெய்லர் 1994-இல் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். அப்போது லினக்ஸுக்கு வயது மூன்று. இந்தப் பதிப்பு வணிக நோக்கில் செய்யப்பட்டதன்று. ஆயினும் எதிர்பாராத ஒரு பயன் விளைந்தது. 1997 டிசம்பரில் ஐடி நிறுவனம் டூமின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டபோது, டாஸ் பதிப்பின் ஒலி நூலகம் பிறருக்குச் சொந்தமானதாக இருந்ததால், லினக்ஸ் பதிப்பின் நிரலையே தர நேர்ந்தது. டூம் ஓடாத கருவியே இல்லை என்று இன்று வேடிக்கையாகச் சொல்கிறார்களே, அந்தக் கதை தொடங்கும் இடம் இதுதான்.

மூல நிரலோடு வரும் விளையாட்டை எந்த வழங்கலுக்கும் ஏற்றபடி மறுபடி தொகுத்துக்கொள்ளலாம். விலைக்கு விற்கப்படும் விளையாட்டோ தொகுக்கப்பட்ட இயங்கு கோப்பாகவே வரும். அது எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பை எதிர்பார்க்கிறதோ அது கணினியில் இருந்தாக வேண்டும். பழைய மென்பொருளை முறிக்காமல் புதுப்பிப்பதை லினக்ஸ் கர்னல் ஒரு விதியாகவே வைத்திருக்கிறது. வழங்கல்கள் சேர்க்கும் நூலகங்களுக்கு அப்படியொரு கட்டுப்பாடு இருந்ததில்லை. 1990களின் இறுதியில் அடிப்படை சி நூலகமே பழைய வரிசையிலிருந்து ஜிலிப்சி என்ற புதிய வரிசைக்கு மாறியது. ஒரு வழங்கலில் ஓடியது அடுத்ததில் ஓடவில்லை.

இந்தச் சூழலில்தான் 1998-இல் கலிபோர்னியாவின் டஸ்டின் நகரில் ஸ்காட் டிரேக்கர் என்ற வழக்கறிஞர் லோகி சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற நிறுவனங்களின் விளையாட்டுகளை உரிமம் பெற்று லினக்ஸுக்கு மாற்றி விற்பதே அதன் தொழில். 1999-இல் சிவிலைசேஷன்: கால் டு பவர் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் குவேக் 3 அரீனா வந்தது. தரத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் விண்டோஸ் பதிப்பு வெளிவந்து மாதங்கள் கழித்து, ஏறத்தாழ அதே விலைக்கு லினக்ஸ் பதிப்பு வரும். அந்நாளில் லினக்ஸ் வைத்திருந்த பலர் அதே கணினியில் விண்டோஸையும் வைத்திருந்தார்கள். அவர்கள் காத்திருக்கவில்லை. 2001-இல் திவால் பாதுகாப்புக் கோரிய லோகி, 2002 ஜனவரி இறுதியில் மூடப்பட்டது.

லோகி விட்டுச்சென்றவற்றில் விளையாட்டுகளைவிடக் கருவிகளே பெரியவை. அங்கே பணியாற்றிய சாம் லான்டிங்கா எழுதிய எஸ்டிஎல் நூலகம், திரை, ஒலி, விசைப்பலகை, ஜாய்ஸ்டிக் ஆகியவற்றை இயங்குதளம் எதுவானாலும் ஒரே முறையில் கையாள உதவுவது. இன்றும் அது உலகெங்கும் பயன்படுகிறது. விளையாட்டுகளின் நிலை வேறு. லோகி விற்ற குறுவட்டை இன்றைய வழங்கல் ஒன்றில் இட்டால் அது நேரடியாக ஓடுவதில்லை; காலாவதியான நூலகங்களைத் தேடி எடுத்து அருகில் வைக்க வேண்டும். அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பை லினக்ஸில் ஓட்டுவது பல நேரங்களில் அதைவிட எளிது. இந்த முரணில்தான் பின்னால் நடந்ததன் விதை இருக்கிறது.

வைன்

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் முயற்சி 1993-இலேயே வைன் என்ற பெயரில் தொடங்கிவிட்டது. 1994 முதல் அதை வழிநடத்துகிறவர் அலெக்சாந்தர் ஜூலியார். வைன் விண்டோஸ் கணினி ஒன்றைப் பாவனை செய்வதில்லை. நிரல் விண்டோஸிடம் கேட்கும் ஒவ்வொன்றையும் வாங்கி, லினக்ஸிடம் கேட்டுப் பெற்றுத் திருப்பித் தருகிறது. ஒரு துபாஷியின் வேலை. விண்டோஸின் உள்ளமைப்புக்கு முழு ஆவணம் கிடையாது என்பதால் அதைச் சோதித்துச் சோதித்தே கற்க வேண்டியிருந்தது. 1.0 பதிப்பு வெளிவர 2008 ஜூன் ஆயிற்று. பதினைந்து ஆண்டுகள்!

அதற்குள் டிரான்ஸ்கேமிங் என்ற நிறுவனம் வைனின் நிரலை எடுத்து, விளையாட்டுக்கு ஏற்பத் திருத்தி, சந்தாவுக்கு விற்றது. பின்னர் செடெகா என்று பெயர் பெற்றது அதுதான். 2001-இல் பிரெஞ்சு வழங்கலான மாண்ட்ரேக், அந்நிறுவனத்தோடு சேர்ந்து தன் கேமிங் எடிஷனை வெளியிட்டது. கூடவே தி சிம்ஸ் விளையாட்டும் வந்தது. விளையாட்டுக்கென்றே பெயரிட்டு விற்கப்பட்ட தொடக்ககால வழங்கல்களில் இது குறிப்பிடத்தக்கது. உள்ளே பார்த்தால் அது வழக்கமான மாண்ட்ரேக்தான்; ஒரு விளையாட்டும் அதை ஓட்டும் திருத்தப்பட்ட வைனும் சேர்ந்திருந்தன. விளையாட்டு வழங்கல் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய தேவை அப்போதே தொடங்கிவிட்டது.

தம் நிரலிலிருந்து எடுத்தவர்கள் திருத்தங்களைத் திருப்பித் தராததைக் கண்ட வைன் குழுவினர் 2002-இல் உரிமத்தை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றினார்கள். அதன்படி வைனைத் திருத்தி வெளியிடுகிறவர் திருத்திய நிரலையும் தந்தாக வேண்டும். பின்னாளில் பெருநிறுவனம் ஒன்று வைனில் முதலிட்டபோது அதன் பலன் எல்லா வழங்கல்களுக்கும் போய்ச் சேர்ந்ததற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

அக்காலத்தில் வீட்டுக் கணினிக்காரரின் பெரிய தலைவலி கிராபிக்ஸ் கார்டின் டிரைவர். என்விடியாவும் ஏடிஐயும் மூடிய டிரைவர்களைத் தந்தன; கர்னல் புதுப்பிக்கப்பட்டால் டிரைவர் முறியும், கணினி கறுப்புத் திரையில் நின்றுவிடும். 2007-இல் உபுண்டு 7.04 இந்த மூடிய டிரைவர்களைச் சில சொடுக்குகளில் நிறுவ வழிசெய்தது. விளையாட விரும்பியவர்களுக்கு உபுண்டுவைப் பரிந்துரைக்கும் வழக்கம் வலுப்பெற இது உதவியது. 2010 மே மாதம் தொடங்கிய ஹம்பிள் இண்டி பண்டில், சிறு படைப்பாளிகளின் விளையாட்டுகளை வாங்குபவர் விரும்பிய விலைக்கு விற்றது. அதில் லினக்ஸ் பயனர்கள் சராசரியாக விண்டோஸ் பயனர்களைவிட அதிகம் தந்தார்கள். லினக்ஸ்காரர்கள் எதற்கும் காசு கொடுக்க மாட்டார்கள் என்ற பழைய பேச்சு அத்தோடு வலுவிழந்தது.

வால்வ் நிறுவனத்தின் வருகை

2012 ஜூலையில், விண்டோஸ் 8 வெளிவரும் முன்பே, வால்வ் நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் அதைக் கணினித் துறைக்கே ஒரு பேரிடர் என்று பொதுமேடையில் சொன்னார். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த மென்பொருள் கடையை விண்டோஸுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தது. வால்வின் வருமானமோ ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையிலிருந்து வந்தது. பிறர் நிலத்தில் கடை வைத்திருப்பவரின் கவலை அது. லினக்ஸ் மீதான பற்றைவிட இந்தக் கவலையே வால்வை நகர்த்தியது என்று கொள்வது பொருந்தும்.

அதே கோடையில் லெஃப்ட் 4 டெட் 2 விளையாட்டை லினக்ஸில் ஓட்டிய வால்வ் பொறியாளர்கள் தங்கள் அளவீடுகளை வெளியிட்டனர். முதல்முறை ஓடியபோது விநாடிக்கு 6 சட்டகங்கள். சீர்செய்த பின் 315. அதே கணினியில் விண்டோஸ் 7 தந்தது 270.6. ஸ்டீமின் லினக்ஸ் பதிப்பு 2013 பிப்ரவரி 14 அன்று முழுமையாக வெளிவந்தது. அதிகாரப்பூர்வ ஆதரவு உபுண்டு 12.04-க்கு. வழங்கல் தேர்வு என்ற கேள்வி சில காலம் ஒரே சொல்லில் முடிந்தது.

ஆனால் வால்வ் ஸ்டீமோடு சேர்த்து வேறொன்றையும் தந்தது. உபுண்டு 12.04-இன் நூலகங்களை ஒரு மூட்டையாகக் கட்டி ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. ஸ்டீம் ரன்டைம் என்று அதற்குப் பெயர். விளையாட்டு இனி வழங்கலின் நூலகங்களை நம்பாமல் இந்த மூட்டையை நம்பலாம். லோகியை வாட்டிய சிக்கலுக்கு இதுதான் மருந்து. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2014-இல் டெபியன் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். கர்னல் காக்கும் ஒழுங்கை வழங்கல்கள் காக்கவில்லை என்று கடிந்துகொண்டு, லினக்ஸ் மேசைக் கணினியை வால்வ்தான் காப்பாற்றும் போலிருக்கிறது என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வழங்கல் கட்டுபவர்கள்.

வால்வின் அடுத்த அடி சறுக்கியது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம்ஓஎஸ் 2013 டிசம்பரில் வந்தது. அதை நிறுவிய ஸ்டீம் மெஷின் கணினிகள் 2015 நவம்பரில் விற்பனைக்கு வந்தன. ஓடிய விளையாட்டுகள் குறைவு. விண்டோஸ் வைத்த அதே கணினி அனைத்தையும் ஓட்டியது. வாங்க ஆளில்லை.

புரோட்டான்

தோல்வியிலிருந்து வால்வ் எடுத்த முடிவு தெளிவானது. படைப்பாளிகள் லினக்ஸுக்கு வரக் காத்திருப்பதில் பயனில்லை. விண்டோஸ் விளையாட்டை அப்படியே ஓட்ட வேண்டும். அதற்கான துண்டுகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 2015-இல் ஏஎம்டி தன் புதிய கார்டுகளுக்கான திறந்த மூல டிரைவரைக் கர்னலில் சேர்த்தது. 2016 பிப்ரவரியில் வல்கன் என்ற புதிய வரைகலை இடைமுகம் வந்தது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை வல்கனுக்கு மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகே என்ற நிரலை, நியர்: ஆட்டோமேட்டா விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பிய ஃபிலிப் ரெபோலே எழுதினார். வால்வ் அவருடைய பணிக்கு ஊதியம் தந்தது.

2018 ஆகஸ்ட் 21 அன்று, வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்துக் கட்டிய புரோட்டான் வெளிவந்தது. பயனர் எதையும் அமைக்க வேண்டாம்; ஸ்டீமில் பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் விளையாட்டு ஓடும். சோதித்து ஒப்பளிக்கப்பட்ட முதல் பட்டியலில் இருந்தவை 27. அவற்றுள் டூமும் ஒன்று. பட்டியலில் இல்லாதவற்றையும் பயனர் தம் பொறுப்பில் ஓட்டிப் பார்க்கலாம். விரைவில் ஆயிரக்கணக்கானவை ஓடுவது தெரியவந்தது. எது எவ்வளவு ஓடுகிறது என்று பயனர்களே பதிவு செய்யும் புரோட்டான்டிபி என்ற தளமும் எழுந்தது.

இதன்பின் வழங்கலிடம் விளையாட்டு எதிர்பார்ப்பவை சுருங்கின: கர்னல், கிராபிக்ஸ் டிரைவர், மற்றும் 32 பிட் நூலகங்கள். கடைசியானது சிறியதாகத் தோன்றலாம். 2019 ஜூனில் உபுண்டுவைக் கட்டும் கனோனிக்கல் நிறுவனம், அடுத்த பதிப்பான 19.10-இலிருந்து 32 பிட் பொதிகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஸ்டீம் அப்போது 32 பிட் மென்பொருளாக இருந்தது. பழைய விளையாட்டுகளில் ஏராளமானவையும் அப்படியே. உபுண்டு 19.10-க்கு இனி ஆதரவில்லை என்று வால்வ் பொறியாளர் ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களில் கனோனிக்கல் பின்வாங்கியது. 2025 ஜூனில் ஃபெடோராவில் இதே போன்ற முன்மொழிவு எழுந்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வழங்கலின் பராமரிப்பாளருக்குச் சுமையாகத் தெரிவது, இன்னொருவரின் பதினைந்து ஆண்டு விளையாட்டுச் சேகரிப்பு.

ஸ்டீம் டெக்கும் புதிய வழங்கல்களும்

2021 நவம்பரில் கனடாவின் யூடியூபர் லினஸ் செபாஸ்டியன் லினக்ஸுக்கு மாறிப் பார்க்கும் ஒரு தொடரைத் தொடங்கினார். அவர் தேர்ந்தது பாப் ஓஎஸ். என்விடியா டிரைவரோடு கூடிய தனிக் கோப்பைத் தருவதால் அது அப்போது விளையாடுவோருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஸ்டீமை நிறுவ முயன்றபோது பொதிகளுக்கிடையே முரண் ஏற்பட்டது. கணினி எச்சரித்தது, அவர் உறுதிசெய்து தட்டச்சிட்டார், திரைமுகப்பே நீங்கிப்போனது. பிழை பயனருடையதா வழங்கலுடையதா என்று நெடுநாள் வாதம் நடந்தது. எச்சரிக்கையைப் படித்திருக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஸ்டீம் நிறுவுதல் என்ற அன்றாட வேலை திரைமுகப்பையே அழிக்கும் இடத்துக்குப் பயனரைக் கொண்டுபோய் விட்டது வழங்கல்தான்.

2022 பிப்ரவரி 28 அன்று வாங்குவோருக்கு அனுப்பத் தொடங்கிய ஸ்டீம் டெக் என்ற கைக்கணினி இதற்கு வேறொரு விடை வைத்திருந்தது. அதிலுள்ள ஸ்டீம்ஓஎஸ் 3 டெபியனை விட்டு ஆர்ச்சுக்கு மாறியிருந்தது. டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பைத் தருவது. ஆர்ச் நிற்காமல் புதுப்பிக்கப்படுவது. வால்வுக்கு வேகம் தேவைப்பட்டது. கூடவே, அடிப்படைக் கோப்புகள் படிக்க மட்டுமே திறந்திருக்கும். புதுப்பிப்பு முழுப் படிமமாக வரும். சரியில்லையென்றால் முந்தைய படிமத்துக்குத் திரும்பலாம்.

இந்த அமைப்பைத் தன்னார்வலர்கள் வீட்டுக் கணினிக்கும் கொண்டுவந்தார்கள். 2023-இல் வந்த பஸ்ஸைட், ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு இதே படிம முறையைப் பின்பற்றுகிறது. நோபாரா, ஃபெடோராவில் விளையாட்டுக்கான திருத்தங்களை முன்கூட்டியே செய்து தருகிறது. ஆர்ச் வழிவந்த கேச்சிஓஎஸ் வேகத்துக்கென்று பொதிகளை மறுதொகுப்புச் செய்கிறது. இவை தரும் கூடுதல் சட்டகங்களைப் பற்றிய பேச்சு அதிகம். ஒரே கணினியில் ஒரே அளவு புதிய டிரைவரோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரும்பாலும் சிறியதே. இவற்றின் உண்மையான பயன், நிறுவியவுடன் டிரைவர், ஸ்டீம், ஜாய்ஸ்டிக் எல்லாம் வேலை செய்வதுதான்.

இதற்கிடையே ஒரு கதவு மூடிக்கொண்டு வந்தது. பலர் சேர்ந்தாடும் விளையாட்டுகளில் மோசடியைத் தடுக்கும் நிரல்கள் விண்டோஸ் கர்னலுக்குள் இறங்கி வேலை செய்கின்றன. 2021-இல் ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகியவை புரோட்டானுக்கு வழிவிட்டன. ஆனால் அனுமதிப்பது ஒவ்வொரு விளையாட்டு நிறுவனத்தின் விருப்பம். ஃபோர்ட்நைட் அனுமதிக்கவில்லை. வைனில் ஆண்டுக்கணக்கில் ஓடிய லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், 2024-இல் வேன்கார்ட் என்ற தடுப்பு நிரல் வந்ததும் நின்றது. லினக்ஸில் மோசடிக்காரர்களைக் கண்டுபிடிப்பது கடினம் என்று சொல்லி ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் லினக்ஸைத் தடுத்தது. நண்பர்களோடு மாலையில் ஆடும் ஒரே ஆட்டம் வலோரன்ட் என்றால், எந்த வழங்கலை எடுத்தாலும் பயனில்லை. இதை நிறுவும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இன்றைய தேர்வு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் கணினிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சில்லையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கிறது. 2016-இல் வாங்கிய நல்ல கணினி அதற்குத் தகுதி பெறாது. விளையாட அது இன்னும் போதும். அதே அக்டோபரில் ஸ்டீமின் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. எண் சிறிதுதான், ஆனால் லோகி கனவு கண்டதைவிடப் பெரிய கூட்டம்.

இந்த நிலையில் வழங்கலைத் தீர்மானிப்பது முதன்மையாக கிராபிக்ஸ் கார்டின் வயது. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளின் திறந்த டிரைவர் பாதி கர்னலிலும் பாதி மீசா என்ற நூலகத்திலும் இருக்கிறது. இரண்டும் வழங்கலோடு வருபவை. 2025 மார்ச்சில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9070 கார்டை அப்போது டெபியன் 12-இல் செருகியவருக்குப் பலனில்லை. அதிலிருந்த கர்னல் 2022 டிசம்பரில் வெளியான 6.1. புதிய கார்டுக்கு ஃபெடோராவோ, பஸ்ஸைட்டோ, ஆர்ச் வழிவந்த ஒன்றோ பொருந்தும். ஐந்தாறு ஆண்டுப் பழைய ஏஎம்டி கார்டு என்றால் மின்ட் தாராளமாகப் போதும். அடிக்கடி மாறாமல் இருப்பதே அங்கே நன்மை.

பழைய என்விடியா கார்டுக்குக் கணக்கு தலைகீழ். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கு 580 வரிசை டிரைவரே கடைசி. 2025 டிசம்பரில் ஆர்ச் அடுத்த வரிசைக்கு மாறியபோது, இக்கார்டுகளை வைத்திருந்தவர்கள் பழைய டிரைவரைத் தனியே தேடி நிறுவ வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் ஜிடிஎக்ஸ் 1050, 1060 கார்டுகள் இந்த வரிசையைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பழைய வரிசை டிரைவர்களைத் தனிப் பொதிகளாகக் காத்துவைக்கும் வழக்கமுள்ள உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்போ, அதன் வழிவந்த மின்டோ ஏற்றது.